மூன்று பத்துக்கு எழுதிய கடிதம்

சசிரேகா மாடிப்படி ஏறி வந்தபோது கம்பெனிச் சீருடையைக்கூட மாற்றியிருக்கவில்லை. அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. உட்காரச் சொன்னதும் உட்காராமல், முதலில் ஜன்னலருகே போய்க் கீழே தெருவை எட்டிப் பார்த்தாள். சிங்கப்பெருமாள் கோவில் ரயிலடியில் மதியம் மூன்றேகால் மணிக்கு ஷேர் ஆட்டோக்காரர்கள் ஒரகடம், வல்லம் என்று கூவிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். ஆனாலும் அவள் இரண்டு முறை பார்த்தாள்.

நயினார் அவசரப்படவில்லை. இருபத்திரண்டு வருஷம் ஒரகடத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்தவர் அவர். ஆயிரம் போல்ட்டில் கோணலான ஒரு போல்ட்டைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. அதே கண்ணை மனிதர்கள் மேலும் வைக்கத் தொடங்கியபின் மேலதிகாரிகளுக்கு அவரைப் பிடிக்காமல் போனது. வேலையை விட்டுவிட்டுச் செருப்புக் கடைக்கு மேலே இந்த அறையைப் பிடித்து, துப்பறிவாளர் என்று பலகை மாட்டிக்கொண்டார்.

அவருக்கு உதவியாளர் என்று சொல்லிக்கொள்பவன் பேச்சிராஜ். சாத்தான்குளத்துக்காரன், நாற்பது வயது, சொந்தமாக ஒரு ஷேர் ஆட்டோ. பாதி நாள் ஆட்டோ, பாதி நாள் துப்பு. சந்தேகப்படுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. யாரைச் சந்தேகப்படாமல் விடுவது என்பதில்தான் அவனுக்குத் தகராறு.

"எம்பேரு வந்திருக்கு சார்," என்றாள் சசிரேகா. "கனிஷ்கா பேருக்கு அப்பறம் எம்பேரு. அவள மூணு நாளா காணோம்."

நயினார் தண்ணீர் கொடுத்தார். அவள் குடித்துவிட்டுச் சொன்ன கதை இது.

சசிரேகாவும் கனிஷ்காவும் ஒரகடத்தில் ஒரே வாடகை அறையில் இருப்பவர்கள். இவள் செய்யாறு பக்கம், அவள் தூத்துக்குடி பக்கம். வேலை வேறு வேறு தொழிற்சாலைகளில். ஆனால் இருவரும் மூன்று வருஷமாக வல்லம் வடகாலில் உள்ள ஒரு கல்வி மையத்தில் உற்பத்தி மேலாண்மைப் பட்டம் படிக்கிறார்கள். பட்டம் கொடுக்கப்போவது நியூசிலாந்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகம். இங்கே பாடம் நடத்துவது அந்த மையம். நடத்துவதாகச் சொல்வது என்று திருத்திக்கொண்டாள் சசிரேகா. மாசத்துக்கு ஒரு ஞாயிறு போய்க் கையெழுத்துப் போட்டால் போதும். பெயர்ப் பட்டியலில் இருக்கிற ஆசிரியர்களில் பாதிப் பேரை யாரும் பார்த்ததில்லை. பரீட்சை விடைகள் முதல் நாளே கைபேசிக்கு வந்துவிடும். இதைப் பற்றிக் கேட்ட இரண்டு பையன்களின் பேர் அடுத்த வாரமே பட்டியலிலிருந்து காணாமல் போயிற்று. அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

எல்லை தாண்டிப் பட்டம் கொடுக்கிற பல்கலைக்கழகத்தை அந்த நாட்டுத் தர உறுதிக் குழு ஒன்று சோதனை போடும். அங்கே நடத்துகிற தரத்தில்தான் இங்கேயும் நடத்துகிறார்களா என்று பார்க்கும். இந்த மாதம் அந்தச் சோதனை. குழு நேரில் வரவில்லை, எல்லாம் வீடியோவில். மாணவர்களில் சிலரைக் குலுக்கலில் எடுத்துத் தனியாகப் பேசுவார்கள். கனிஷ்காவின் பேர் விழுந்தது. உள்ளது உள்ளபடி சொல்லிவிடப் போகிறேன் என்று அவள் முடிவெடுத்திருந்தாள். பேட்டி அந்த ஊர்க் காலை ஒன்பது மணிக்கு, அதாவது நமக்குப் பன்னிரண்டாம் தேதி பிறந்த பிறகு அதிகாலை இரண்டரைக்கு. மையத்திலிருந்துதான் பேச வேண்டும், முதல் நாள் இரவு பத்து மணிக்கே வந்து காத்திருக்க வேண்டும் என்று இயக்குநர் ஸ்ரீதர் சொல்லியிருந்தார். பதினொன்றாம் தேதி இரவு ஒன்பதரைக்குக் கனிஷ்கா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அறையிலிருந்து கிளம்பினாள். திரும்பவில்லை.

பன்னிரண்டாம் தேதி காலை நாலு மணிக்கு அவள் கைபேசியிலிருந்து ஒரு செய்தி மட்டும் வந்தது: 'ஊருக்குப் போறேன். தேடாதே.' அதோடு கைபேசி அணைந்துவிட்டது. ஊரில் அவள் அம்மா இன்னும் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

போலீஸில் புகார் வாங்கிக்கொண்டார்கள். மையத்தில் விசாரித்துவிட்டு வந்து, அவளே எழுதிக் கொடுத்த விலகல் கடிதத்தின் படத்தைக் காட்டினார்கள். 'என் சொந்த விருப்பத்தின் பேரில் படிப்பிலிருந்து விலகுகிறேன்.' கீழே கையெழுத்து, தேதி 11, நேரம் 3.10. பதினொன்றாம் தேதி மத்தியானமே விலகிவிட்டாள், வெட்கப்பட்டுத் தோழியிடம் சொல்லாமல் ஊருக்குப் போயிருப்பாள் என்றார்கள்.

"எழுத்து அவளுதுதான் சார். எனக்குத் தெரியும்," என்றாள் சசிரேகா. "ஆனா அன்னிக்கு நான் ஏ ஷிப்ட் முடிச்சு ரெண்டே முக்காலுக்கு ரூமுக்கு வந்துட்டேன். அவ தூங்கிக்கினு இருந்தா. அந்த வாரம் முழுக்க அவளுக்கு சி ஷிப்ட், ராத்திரி வேல, பகல்லதான் தூக்கம். அஞ்சு மணிக்குத்தான் எழுந்தா. என் பக்கத்துல படுத்துக்கினு இருந்தவ மூணு பத்துக்கு எப்பிடி சார் வல்லம் வடகால்ல கடுதாசி எழுதுவா?"

பேச்சிராஜ் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டான். நயினார் அவளையே பார்த்தார்.

"உன் பேர் எப்போ வந்தது?"

"நேத்து. கனிஷ்கா விலகிட்டதால அடுத்த பேருன்னு மெயில் போட்டிருக்காங்க. நாளைக்குக் காலீல ஆறரைக்குப் பேட்டி, அதான் கடைசிப் பேட்டி. ஸ்ரீதர் சார் போன் பண்ணாரு. இன்னிக்கு ராத்திரி ஒம்போதுக்கே வந்து தங்கிடும்மா, காலீல பஸ் கெடைக்காதுன்னாரு." அவள் மறுபடி ஜன்னலைப் பார்த்தாள். "அவளையும் இப்பிடித்தான் சார் கூப்பிட்டாங்க."

நயினாருக்கும் பயம்தான். முகத்தில் காட்டாமல் இருக்க இருபத்திரண்டு வருஷப் பயிற்சி உதவியது. இரவு அவள் தன் வீட்டில் தன் மனைவியோடு இருக்கட்டும், காலையில் தானே கூட வருவதாகச் சொன்னார்.

கனிஷ்காவின் பொருள் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். சசிரேகா பையிலிருந்து ஒரு சின்ன டைரியை எடுத்தாள். கனிஷ்கா வேலை நேரத்தில் சட்டைப் பையில் வைத்துக்கொள்வது. நயினார் ஒரு பக்கத்தைப் பிரித்தார். 'தேதி 5, சி ஷிப்ட். 10.40 மெஷின் நின்றது. 1.15 ஓடியது. 4.50 மறுபடி நின்றது.' ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் குட்டிக் கையெழுத்து. அடுத்த பக்கத்தில் தேதி 6, அதே மாதிரி. இரண்டு பக்கங்களையும் இரண்டு முறை படித்துவிட்டு டைரியைத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

"கள்ளக் கையெழுத்துதான் அண்ணாச்சி," என்றான் பேச்சிராஜ். "இதுல என்ன யோசனை?"

"எழுத்து அவளுதுன்னு கூட இருக்கிற பொண்ணே சொல்லுது. முதல்ல கடிதத்தைப் பார்ப்போம்."

கல்வி மையம் ஒரு இரும்புக் கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்தது. முன்னால் நெல் விளைந்த இடம், இப்போது சுற்றிலும் தொழிற்சாலைச் சுவர்கள். மாடியெங்கும் புதுப் பெயிண்ட் வாடை. சோதனை வருகிறதென்றால் எந்த இடத்திலும் முதலில் நடப்பது பெயிண்ட் அடிப்பதுதான். நயினாரின் தொழிற்சாலையிலும் சோதனைக்கு முந்தின வாரம் தரைக்கோடுகள் மஞ்சளாக மினுங்கும், மெஷினுக்குள் மட்டும் பழைய அழுக்கு அப்படியே இருக்கும்.

சசிரேகாவின் மாமா என்று அவர் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். ஸ்ரீதர் எழுந்து நின்று கைகூப்பினார். ஐம்பது வயது, சலவை மடிப்புக் கலையாத சட்டை, பேச்சில் தேன். சென்னையில் பெரிய பெரிய கல்லூரிகளுக்கு மாணவர் சேர்த்துக் கொடுத்தவராம். தொழிற்சாலை வாசலைக்கூட மிதித்ததில்லை என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார், அந்தப் புகையெல்லாம் தன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதாம்.

கடிதத்தைக் கேட்டதும் தயங்காமல் கோப்பைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்தவள் ஒருங்கிணைப்பாளர் கலைமதி. முப்பது வயதிருக்கும், கண்ணுக்குக் கீழே கருப்பு. கோப்பை மேஜை மேல் வைக்கும்போது அவள் ஸ்ரீதரின் முகத்தைத் தவிர்த்ததை நயினார் பார்த்தார். அவர் பார்த்ததை அவளும் பார்த்தாள். உடனே வெளியே போய்விட்டாள்.

"மத்தியானம் மூணு பத்துக்கு இதே அறையில, இதே நாற்காலியில உட்கார்ந்து எழுதினாள்," என்றார் ஸ்ரீதர். "எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேட்கலை."

கடிதத்தைக் குழுவுக்கு எப்போது அனுப்பினீர்கள் என்று நயினார் கேட்டார். மறுநாள் விடியற்காலை மூன்றே முக்காலுக்கு, அவர்களுடைய அலுவலக நேரத்தில் என்றார் ஸ்ரீதர். மத்தியானமே விலகியவளுக்காகக் குழு இரண்டரையிலிருந்து காத்துக்கொண்டிருந்ததே, முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்றதற்கு, மனம் மாறி வந்துவிடுவாளோ என்று பார்த்ததாகச் சொன்னார். பதில் வழுக்கிக்கொண்டு வந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இறங்கும்போது வாசலில் காவலுக்கு ஒரு புது ஆள் உட்கார்ந்திருந்தான். பழைய காவலாளி கன்னியப்பன் எங்கே என்று சசிரேகா கேட்டாள். பன்னிரண்டாம் தேதியிலிருந்து லீவு, சொந்தத்தில் கல்யாணம் என்றான் அவன்.

ஆட்டோவில் ஏறியதும் பேச்சிராஜ் பொறுக்கமாட்டாமல் தொடங்கினான். "அண்ணாச்சி, எனக்கு வெளங்கிட்டு. அந்த நாட்டுல தேதி வேற, நம்ம ஊர்ல தேதி வேறல்லா? அவ ராத்திரி வந்து எழுதியிருக்கா. அங்க பதினொண்ணு, இங்க பன்னெண்டு. அந்த ஊர்த் தேதியப் போட்டுட்டா."

"நல்ல யோசனைதான். ஆனா நியூசிலாந்துல நமக்கு முன்னாடியே விடிஞ்சிடும். ஆறரை மணி நேரம் முன்னால இருக்காங்க. நமக்கு அதிகாலை மூணு பத்துன்னா அங்க காலை ஒம்பது நாப்பது. அங்கேயும் பன்னெண்டாம் தேதிதான்."

பேச்சிராஜின் முகம் வாடியது. அவன் பாதி தூரம் சரியாக வந்துவிட்டான் என்பதை நயினார் அப்போது சொல்லவில்லை. வழி விசாரித்துக்கொண்டு கன்னியப்பன் வீட்டுக்கு ஓட்டச் சொன்னார்.

வீடு ஊருக்குள், பின்பக்கத் தெருவில். கன்னியப்பனின் மனைவி செங்கமலம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் என்ற வார்த்தையைக் கேட்டதும் நிமிர்ந்தாள்.

"கல்யாணமா? எந்த வூட்டுக் கல்யாணம்? மூணு நாளா பகலு ராவுன்னு டூட்டின்னு சொல்லிக்கினு கீறாரு. காலீல ஆறு மணிக்கு வருவாரு, ரெண்டாளு சோத்தக் கட்டிக்கினு வண்டிய எடுத்துக்கினு போயிடுவாரு. எங்க போறன்னு கேட்டா எரிஞ்சு வுய்றாரு. ராவுல வூட்டுக்கே வர்றதில்ல." அவள் கண் கலங்கியது. "முந்தாநேத்து என் நைட்டி ஒண்ண எடுத்துக்கினு போனாரு சார். இருவது வருசத்துல இந்த மாதிரி நடந்ததே இல்ல. எவளயோ வச்சிக்கினு கீறாரு."

நயினாருக்கு அந்த நேரத்தில் வந்தது நிம்மதி. முந்தாநாள் வரை ஒரு பெண் உயிரோடு இருந்திருக்கிறாள். ஆனால் செங்கமலம் இன்னும் முடிக்கவில்லை.

"நாளைக்குக் காலீல ஒரு வேளக்கித்தான் சோறு, அத்தோட வேணாம்னு சொல்லிட்டாரு. சொல்லும்போது என் மூஞ்சியவே பாக்கல அவரு. எனக்குப் பயமா கீது சார்."

சசிரேகா நயினாரைத் திரும்பிப் பார்த்தாள். நாளைக் காலை ஆறரைக்குச் சோதனையின் கடைசிப் பேட்டி. அதற்குப் பிறகு சோறு வேண்டாம். இரண்டையும் சேர்த்துப் பார்க்கப் பெரிய மூளை தேவையில்லை.

போலீஸ் நிலையத்தில் நயினார் ஒரு மணி நேரம் பேசினார். கடிதம் இருக்கிறது, பெண் மேஜர், காவலாளியின் மனைவி சந்தேகப்படுவது குடும்ப விவகாரம் என்றார்கள். கன்னியப்பன் எங்கே போகிறான் என்று தெரியாமல் எந்தக் கதவைத் தட்டுவது என்றும் கேட்டார்கள். அது நியாயமான கேள்விதான். கடைசியில் ஒரு தலைமைக் காவலர் மட்டும் காலையில் பேச்சிராஜோடு வரச் சம்மதித்தார். கன்னியப்பன் சோறு வாங்கிக்கொண்டு கிளம்பும்போது ஆட்டோ பின்னால் போகும். அதே நேரத்தில் ஸ்ரீதர் எங்கும் நகராமல், யாருக்கும் போன் செய்யாமல் பார்த்துக்கொள்வது நயினாரின் வேலை. செங்கமலம் புருஷனிடம் மூச்சு விடமாட்டேன் என்று சத்தியம் செய்தாள். அந்த இன்னொருத்தி யார் என்று தானும் பார்க்க வேண்டும் என்றாள்.

காலை ஆறேகாலுக்கு மையத்தின் அறையில் பெரிய திரை எரிந்துகொண்டிருந்தது. சசிரேகா இரவு வராததில் ஸ்ரீதருக்கு எரிச்சல், ஆனால் முகத்தில் புன்னகை கலையவில்லை. திரையில் குழுத் தலைவி தோன்றினார், நரைத்த தலை, நிதானமான பெண்மணி. மாணவியைத் தவிர மற்றவர்கள் வெளியே போக வேண்டும் என்று வழக்கம்போல் சொன்னார்.

நயினார் எழுந்து, தனக்குத் தெரிந்த தொழிற்சாலை ஆங்கிலத்தில் பத்து நிமிஷம் கேட்டார். காணாமல் போன ஒரு மாணவியைப் பற்றி என்றார். இது சோதனையின் விதிக்கு விரோதம் என்று ஸ்ரீதர் குறுக்கிட்டார். தலைவி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பேசுங்கள் என்றார்.

நயினார் தன் கைபேசியை மேஜை நடுவில் வைத்தார். பேச்சிராஜிடமிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை. கதவருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். வெளியே போக வேண்டுமென்றால் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"சார், உங்க போனையும் இங்கேயே வைங்க," என்றார் ஸ்ரீதரிடம். "இடையில மணியடிச்சா மேடத்துக்குத் தொந்தரவு."

ஸ்ரீதர் திரையைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் வைத்தார். கடிதம் எழுதிய கதையை மறுபடி சொல்லச் சொன்னார் நயினார். ஸ்ரீதர் ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னார்: பதினொன்றாம் தேதி, மத்தியானம் மூன்று பத்து, இந்த அறை, இந்த நாற்காலி. கலைமதி மூலையில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த நேரத்துல கனிஷ்கா தூங்கிக்கிட்டு இருந்தான்னு சசிரேகா சொல்றா," என்றார் நயினார்.

"சிநேகிதிக்காகப் பொய் சொல்லலாம்."

"சொல்லலாம். அதனால அவ சொன்னதை நான் சாட்சியா எடுத்துக்கலை. கனிஷ்காவையே சாட்சிக்குக் கூப்பிடறேன்."

டைரியைப் பிரித்துத் திரைக்கு நேராகக் காட்டினார். ஆறு முப்பத்திரண்டு. கைபேசி சும்மா கிடந்தது. ஒவ்வொன்றையும் தலைவிக்கு ஆங்கிலத்திலும் திருப்பிச் சொல்லி, வேண்டுமென்றே மெதுவாகப் பேசினார். தொழிற்சாலையில் கையெழுத்துப் போடுகிறவர்கள் பக்கத்தில் தேதியும் நேரமும் சேர்த்துப் போடுவார்கள், யார் ஷிப்ட்டில் கோளாறு நடந்தது என்று பின்னால் தெரிய வேண்டுமே. கல்லூரிக்கு எழுதுகிற கடிதத்தில் யாரும் நேரம் போடுவதில்லை. கனிஷ்கா போட்டிருக்கிறாள், கை தானாகப் போட்டது.

"இங்கே பாருங்க. தேதி அஞ்சு, சி ஷிப்ட். பத்து நாப்பது, ஒண்ணு பதினஞ்சு, நாலு அம்பது. சி ஷிப்ட் ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கும், காலை ஆறுக்கு முடியும். ஒண்ணு பதினஞ்சுங்கறது காலண்டர்ல ஆறாம் தேதி. ஆனா அஞ்சுன்னுதான் எழுதியிருக்கா. இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகள்ல ராத்திரி பன்னெண்டுக்குத் தேதி மாறாது. காலையில ஆறு மணிக்கு ஏ ஷிப்ட் வந்து நிக்கும்போதுதான் மாறும். அப்பதான் ஒரு ஷிப்ட்டோட உற்பத்திக் கணக்கு ரெண்டு தேதியில சிதறாது. மூணு வருஷம் அப்படியே எழுதின பொண்ணு."

சசிரேகா வாயைப் பொத்திக்கொண்டாள். அவளும் அப்படித்தான் எழுதுவாள். அதனாலேயே அவள் கண்ணில் அது படவில்லை.

"இந்தக் கடிதம் எழுதினது பன்னெண்டாம் தேதி அதிகாலை மூணு பத்துக்கு," என்றார் நயினார். "பேட்டிக்கு வந்தவளை உட்கார வெச்சு, குழுவோட இணைப்பே குடுக்காம, நாப்பது நிமிஷம் மிரட்டி எழுதி வாங்கியிருக்காங்க. மூணே முக்காலுக்கு மெயில் போச்சு. நாலு மணிக்கு அவ போன்லேர்ந்து செய்தி போச்சு. கடிதத்துல பதினொண்ணுன்னு பார்த்ததும் ஸ்ரீதர் சார் சந்தோஷப்பட்டிருப்பார். பயத்துல பொண்ணு தேதியைத் தப்பாப் போட்டுட்டா, நமக்கு நல்லதாப் போச்சுன்னு நினைச்சிருப்பார். அவ ராத்திரி இங்கே வரவே இல்லைன்னு சொல்லிடலாமே. தொழிற்சாலைக்குள்ள ஒரே ஒரு ராத்திரி வேலை பார்த்திருந்தா அந்தத் தப்பைச் செஞ்சிருக்கமாட்டார்."

"கற்பனை," என்றார் ஸ்ரீதர். குரலில் தேன் வற்றியிருந்தது. "யார் வேணும்னாலும் தேதிக்கு ஒரு கதை கட்டலாம். மத்தியானம் அவள் இங்கே வந்தாள். கலைமதியைக் கேளுங்கள்."

ஆறு நாற்பத்தொன்று. கைபேசி பேசவில்லை. இரண்டு பேருக்குச் சோறு போனது என்றால் இரண்டு பேர் சாப்பிட்டார்கள் என்று அர்த்தமில்லை என்பது அவருக்கு இரவு முழுக்கத் தெரிந்திருந்தது. அதைச் சசிரேகாவிடம் சொல்லவில்லை. இப்போது சொல்ல வேறு எதுவும் மிச்சமில்லை.

"சொல்லும்மா," என்றார் கலைமதியிடம்.

கலைமதி ஸ்ரீதரைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தாள். ஆங்கிலத்தில்தான் சொன்னாள், தெளிவாக. பதினொன்றாம் தேதி மத்தியானம் ஒன்றிலிருந்து ஆறு மணிவரை இந்த அறைக்குப் பெயிண்ட் அடித்தார்கள். நாற்காலிகள் எல்லாம் வெளியே கிடந்தன. வாசலில் நின்று பெயிண்டரை மேய்த்தது அவள்தான். ஒருவரும் இங்கே உட்காரவில்லை, எழுதவில்லை. அதற்கு மேல் தெரியாது. கேட்கவும் பயமாக இருந்தது. பட்டியலிலிருந்து பேர் போன பையன்களைப் போலத் தன் பேரும் போய்விடுமோ என்று இருந்தது.

ஸ்ரீதர் எழுந்து மேஜை மேலிருந்த தன் போனை எடுத்தார். நயினார் தடுக்கவில்லை.

"கன்னியப்பனுக்கா? பண்ணுங்க. இந்நேரம் அவர் எடுக்கிற நிலைமையில இருக்கமாட்டார்."

சொன்னதை நயினாரே நம்பவில்லை. ஸ்ரீதர் எண்ணை அழுத்தினார். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அந்த நேரத்தில்தான் நயினாரின் கைபேசி அதிர்ந்தது. அவர் ஒலிபெருக்கியில் போட்டார்.

முதலில் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ ஒரு ஆண் விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தான். சசிரேகா எழுந்து கைபேசியருகே வந்தாள்.

"அண்ணாச்சி," என்றான் பேச்சிராஜ். "இருக்கா. உசுரோட இருக்கா. அழுறது அந்த வாச்மேனு. ஏட்டையா வண்டிய மறிச்சதும் சாவியக் கையில குடுத்துட்டு உக்காந்துட்டாரு. ஆடிட்டு முடிஞ்சதும் விட்டுருவோம்னுதான் ஸ்ரீதர் மொதல்ல சொன்னாராம். நேத்து ராத்திரி, நாளைக்கு நீ சோறு குடுத்துட்டுப் போயிரு, மிச்சத்த நாங்க பாத்துக்கிடுதோம்னு சொன்னாராம். பொண்ணுக்கு நெருப்பாக் கொதிக்கு. ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம். ஏட்டையா அப்பவே ஸ்டேசனுக்குச் சொல்லிட்டாரு, அங்க ஆளு வந்துரும்."

சசிரேகா தரையில் உட்கார்ந்து அழுதாள். ஸ்ரீதர் கதவைப் பார்த்தார். கதவருகே நயினார் இருந்தார், கீழே படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது.

"எங்கே இருக்கீங்க?" என்று நயினார் போனில் கேட்டார்.

"வடக்குப்பட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு தகரக் கொட்டாய் அண்ணாச்சி. வாசல்ல பலகை மாட்டியிருக்கு. செய்முறைக்கூடம்னு எழுதி, இந்தக் காலேசு பேரும் போட்டிருக்கு. உள்ள நாலு பழைய மெஷினு, பெயிண்ட் அடிச்சு நிக்கு. ஒண்ணுக்குக்கூட வயரு கிடையாது."

நயினார் அதைத் திரைக்குச் சொன்னார். குழுத் தலைவி தன் முன்னால் இருந்த காகிதங்களைப் புரட்டி ஒரு பக்கத்தில் நின்றார். பத்தாம் தேதி அந்தச் செய்முறைக்கூடத்தை வீடியோவில் சுற்றிக் காட்டியதாகவும், திருப்திகரம் என்று தானே எழுதியதாகவும் சொன்னார். சொல்லிவிட்டு அந்த வரியைக் கோடு போட்டு அடித்தார்.

ஸ்ரீதரைக் கூட்டிக்கொண்டு போனபின் அறையில் நான்கு பேர் மிஞ்சினார்கள், ஒருவர் திரையில். பேட்டியை வேறொரு நாளுக்குத் தள்ளி வைக்கலாமா என்று தலைவி கேட்டார். இன்னொன்றும் சொன்னார், அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது என்றார். சசிரேகா சொல்வது உண்மை என்று உறுதியானால் இந்த மையத்தின் வழியாகக் கிடைத்த எந்தப் பட்டமும் நிற்காது. அவளுக்கு வர வேண்டியதும்தான். மூன்று வருஷமும் கணக்கில் வராது.

கலைமதி மொழிபெயர்த்தாள். சசிரேகா முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். இன்றைக்கே கேளுங்கள் என்றாள்.

தலைவி முதல் கேள்வியைப் படித்தார். செய்முறைக்கூடத்தை எத்தனை முறை பயன்படுத்தியிருக்கிறீர்கள்?

"நான் அதப் பாத்ததே இல்ல மேடம்," என்றாள் சசிரேகா. "எங்க எரநூறு பேர்ல யாரும் பாத்ததில்ல. உள்ள போயி பாத்தது கனிஷ்கா ஒருத்திதான். மூணு நாள் பாத்தா."

கலைமதியால் அதை உடனே மொழிபெயர்க்க முடியவில்லை. இரண்டாம் முறை முயன்றபோது சொல்லி முடித்தாள். தலைவி அதை அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார்.